நாலு மணிப் புகை

ஃபர்னஸ் ஆயில் வாடை. தொண்டையில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மறுக்கும் வாடை. சென்னையில் ஏதாவதொரு சிக்னலில் பழைய லாரி முன்னால் நின்று உறுமினால் போதும், வந்துவிடும். உடனே வாட்சைப் பார்ப்பேன். மணி நாலு இல்லையென்றால் பிழைத்தேன். நாலு என்றால் அன்றைக்கு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளாது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஃப்யூஸ் கட்டை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். வருஷா வருஷம் இசைவாணைக்கு விண்ணப்பம் போடுவதும் என் வேலை. எங்கள் புகைபோக்கி வானத்தில் எவ்வளவு கரியைத் துப்பலாம் என்று அரசாங்கம் தரும் தாள் அது. தாள் இல்லையென்றால் கரண்டையே பிடுங்கிவிடுவார்கள். கடலூரிலிருந்து பொறியாளர் வருவார். புகைபோக்கியின் பாதி உயரத்தில் ஒரு துளை. இரும்பு ஏணியில் ஏறி, அதில் குழாயை விட்டு, புகையை இழுத்து அளப்பார். வரம்புக்குள் இருந்தால் தாள் கிடைக்கும்.

ஆனால் புகை எல்லா நேரமும் ஒன்றா? முதல் நாள் சாயங்காலம் பற்றவைத்த சூளை மறுநாள் காலை பத்து மணிக்குச் சுத்தமாக எரியும். புகைபோக்கிக்கு மேலே கானல் மட்டும் நெளியும். நாலு மணிக்குச் சூளைக்காரர் புகைவழியை மறிக்கும் தகட்டை இறக்குவார். உள்ளே காற்று குறையும். நெருப்பு திணறும். கருகருவென்று கக்கும். ஆறு மணிவரை அப்படித்தான். "மூச்சப் புடிச்சாத்தான்யா கட்டை வெள்ளையாவும். காத்து வுட்டா பழுப்பேறிப் பூடும்" என்பார்.

பொறியாளர் போனில் கேட்பார், எப்போது வரட்டும் என்று.

"பத்து மணிக்கு வாங்க சார். வெயிலு ஏறதுக்குள்ள ஏறி எறங்கிடலாம்."

ஒரு சொல் பொய்யில்லை. அக்கறைகூடத் தெரியும். முதலாளி சொல்லிக்கொடுத்ததும் இல்லை, நானே கண்டுபிடித்தது. அந்தத் தீபாவளிக்கு எனக்கு மட்டும் ஒரு வேட்டி கூடுதலாகக் கிடைத்தது.

கம்பெனி மதிலுக்குப் பின்னால் ஒரு பாய் வீடு. வீட்டுக்காரர் சவூதியில். அந்த அக்கா ஸ்கூலுக்கு யூனிஃபார்ம் தைப்பார்கள், பெரும்பாலும் வெள்ளைச் சட்டை. பிறகு சுருங்கக் கூடாதென்று துணியை முதலில் நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் கத்தரி வைப்பார்கள். மே மாசம் ஒரு நாள் கேட்டுக்கு வந்து நின்றார்கள். ஒரு கையில் கரிப்புள்ளி விழுந்த துணி, இன்னொரு கையில் கடிதம்.

"தம்பி, பொகையப் பத்தி கடலூருக்கு மனு போட்டிருந்தேன். பதிலு இங்கிலீஷ்ல வந்திருக்குது. படிச்சுச் சொல்லு."

படித்தேன். "வந்து அளந்தாங்களாம்க்கா. வரம்புக்குள்ளதான் இருக்குதாம்."

"எத்தினி மணிக்கு அளந்தாங்கன்னு போட்டிருக்குதா?"

போட்டிருந்தது. விழுங்கியிருக்கலாம். விழுங்க வரவில்லை. "பத்தரை."

அக்கா சிரித்துவிட்டார்கள். "பத்தரைக்கு நானேதான தம்பி கொடியில துணி போடுறேன். மூணரைக்கு ஓடியாந்து எடுத்துடுவேன். நேத்து பெண்ணாடத்துல ஒரு கல்யாணம், வர நேரமாயிடுச்சு. இதோ பாரு." சிரிப்பு நின்றது. "ஒரு ஸ்கூலு போன வருஷமே வேற டைலரப் பாத்துக்கிச்சு. இந்த ஜூன்லயும் கறைன்னு சொன்னாங்கன்னா மிஷின வித்துட்டு ஒக்கார வேண்டியதுதான். இன்னொரு மனு எழுதிக் குடேன். நேரத்தப் போட்டு எழுது."

பத்து மணியைப் பொறுக்கி எடுத்தவன் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்து திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நாள் அலைந்தேன். வேப்பூர் பஸ்ஸில் காரணமில்லாமல் ஏறினேன், பாதி வழியில் இறங்கினேன், எதிர் பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் கம்பெனியில் அச்சில் மண்ணை அழுத்திக் கட்டை பிடிக்கும் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தாள் நின்றால் அவர்கள் எங்கே போவார்கள்? வந்த முகங்களுக்கெல்லாம் பின்னால் கொடியில் ஒரு வெள்ளைத் துணி ஆடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் எழுதினேன். நீளமில்லை. சூளை எரியும் நாளில் மாலை நாலிலிருந்து ஆறுக்குள் வந்து அளக்க வேண்டுகிறேன். அக்கா கையெழுத்துப் போட்டார்கள்.

இந்தத் தடவை பொறியாளர் போன் செய்யவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் நாலே காலுக்கு நேராக வந்தார், ஏணியில் ஏறினார். இறங்கியபோது அளவைப் பார்க்க வேண்டியதில்லை, மூக்கே கறுத்திருந்தது. ஆபீசில் உட்கார்ந்து ஃபைலைக் கேட்டார். விண்ணப்பத்தோடு நான் கைப்பட எழுதி வைத்திருந்த தமிழ்க் கடிதத்தை எடுத்தார். பையிலிருந்து மனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே பக்கம் சாயும் அதே எழுத்து. என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு தாளையும் மடித்து வைத்தார். ஆனால் அதற்குள், பக்கத்தில் நின்ற முதலாளியும் பார்த்துவிட்டார்.

"மூணு மாசம் டைம் தர்றேன். கேஸ் பர்னருக்கு மாறுங்க, புகைபோக்கிய ஒசத்துங்க. இல்லேன்னா இசைவாணை கெடையாது."

"சரிங்க சார்" என்றார் முதலாளி. கார் போகும்வரை காத்திருந்தார். பிறகு என்னிடம், கோபமே இல்லாமல்: "நல்லாத்தான்யா எழுதுற. இனிமே வேற எங்கியாவது போயி எழுது."

அந்த வாரக் கடைசியில் கணக்கு முடித்துக்கொண்டு டிபன் பாக்ஸை எடுக்கச் சூளைப் பக்கம் போனேன். அன்றைக்கும் சூளை எரிந்துகொண்டிருந்தது. மூன்று மாசம் கெடு இருக்கிறதே. சூளைக்காரர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"ஏன்யா, அந்த மனுவ எடது கையால எழுதியிருக்கக் கூடாதா?"

"தோணலங்க."

"படிச்சவனுக்கு அதெல்லாம் எங்க தோணும்."

சொல்லிவிட்டுத் தகட்டுச் சங்கிலியைப் பிடித்தார். இழுக்கவில்லை. மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அந்தம்மா துணி இன்னும் கொடியில கெடக்குது. போற வழியில ஒரு கொரலு குடுத்துட்டுப் போ. நீ குடுத்தப்பறம் எறக்குறேன்."