ராக்காயியின் சுத்தமான பாறை

ராக்காயிக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. பதினாறு வருடம் தேயிலைத் தோட்டத்தில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்தவள். தன் நிரையில் ஒரு களை நின்றாலும் கங்காணி பரம்பரையையே இழுத்து ஏசுவான். எழுபத்தேழில் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரம் அவளை மலையிலிருந்து துரத்தி, முல்லைத்தீவுக்குத் தெற்கே, ஆறு கடலில் விழும் இடத்தில் கொண்டுவந்து போட்டது. அங்கே பாறைகளில் சிப்பி ஒட்டிக் கிடந்தது. யாருக்கும் சொந்தமில்லாத பாறைகள். இனி ஒருவனுக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று அவள் ஒன்றைத் தனதாக்கிக்கொண்டாள்.

நல்லதுதான். ஆனால் கை பழக்கத்தை விடுமா? சிப்பியை ஓட்டோடு பெயர்ப்பாள். மிஞ்சிய வெற்றோடுகளையும் உளியால் சுரண்டி, பாசியைத் தேய்த்துக் கழுவி, பாறையைக் குசினிப் பாத்திரம் போல வைத்திருப்பாள். ஓடெல்லாம் சுண்ணாம்புச் சூளைக்குப் போய்விடும்.

பக்கத்துப் பாறை ஏரம்புவுடையது. மகா சோம்பேறி மனிதர். மேலோட்டைத் திறந்து சதையை மட்டும் வழித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கீழோடுகள் பாறையிலேயே கிடக்கும். பார்க்கப் பார்க்க ராக்காயிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்திரண்டில் அவள் பாறையில் பெரிய சிப்பி தீர்ந்தது. குஞ்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அடுத்த மாரியும் இப்படிப் போனால் முள்ளியவளையில் யாருடைய வயலிலாவது கூலிக்குக் குனிய வேண்டியதுதான். ஏரம்புவின் குப்பைதான் காரணம் என்று முடிவுகட்டி, ஏசுவதற்காகவே அவருடைய பாறையில் ஏறினாள். ஏறியவள் குனிந்து பார்த்தாள். செத்த ஓடுகளின் மேலெல்லாம் நகக்கண் அளவில் குஞ்சுச் சிப்பிகள் மொய்த்துக் கிடந்தன.

"என்னண்ணே இது அநியாயம்? நான் மாடு மாதிரி ஒழைக்கிறேன், ஒங்களுக்குப் போயி வெளையுது!"

ஏரம்பு சுருட்டைப் பற்றவைத்தார். "மாரி முடிஞ்சு தண்ணி உப்பேறேக்க சிப்பி பால் விடும், பிள்ளை. குஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் தண்ணியில மிதந்து திரிஞ்சு, பழைய ஓட்டைத் தேடித்தான் வந்து ஒட்டும். நீ கதவைச் சாத்திப்போட்டு, பிள்ளையள் வரேல்லை எண்டு அழுறாய்."

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"எங்க சொல்ல விட்டனீ? வாயைத் திறந்தால் ஏச்செல்லோ!"

அவர்மேல் வந்த கோபம் பாதி வழியில் தன்மேலேயே திரும்பியது. ஐந்து வருடம்! கங்காணியே இல்லாத இடத்தில் கங்காணிக்குப் பயந்து பாறை தேய்த்திருக்கிறாள்.

ஏரம்புவிடம் ஒரு சாக்கு ஓடு கேட்டு வாங்கி, கயிற்றில் கோத்துப் பாறையில் கட்டினாள். மாரி பெய்து ஓய்ந்தது. தண்ணீர் மெல்ல உப்பேறியது. ஓடுகளில் பாசி படர்ந்து அசிங்கமாகக் கிடந்தது. அவள் தினமும் போய்ப் பக்கத்தில் குந்தியிருந்தாள், கை நமநமத்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" என்றார் ஏரம்பு.

"பாத்தா தெரியலியா? சும்மா இருக்கேன்!" என்று சீறினாள். "இது எவ்வளவு கஷ்டம்னு ஒங்களுக்கு எங்க தெரியப் போவுது!"

சொல்லிக்கொண்டே குனிந்தாள். ஓர் ஓட்டில் வெள்ளையாய், மிளகளவில் ஒரு கறை. தேய்த்துவிடக் கட்டைவிரல் போனது. தொடும்போதுதான் அதற்குச் சிப்பி ஓட்டின் விளிம்பு இருப்பது தெரிந்தது. அவள் பாறையில் இந்தக் கறையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"அடிப்பாவி," என்றாள் தனக்குத்தானே. "எத்தனைய தேச்சுக் கொன்னேனோ!"