வணக்கத்திலேயே வடிந்த தண்ணீர்

எங்கள் தெருமுனைப் பொது மண்டபத்தை, எங்கள் பேச்சில் அது வெறும் ஹோல், கவுன்சில் மூடப்போகிறது என்ற அறிவித்தல் 2009 கோடையில் கதவில் ஒட்டப்பட்டது. ஈழத்தில் போர் முடிந்த அந்த வருடத்தின் கொடிய மாதங்களில், ஊரிலிருந்து செய்தி வரவர, லண்டனில் நாங்கள் கூடியிருந்து அழுதது அங்கேதான். மூட வேண்டாம் என்று கூட்டத்தில் பேச எங்கள் தரப்பில் ஒருவருக்கு மூன்று நிமிடம் தருவார்களாம். எல்லோரும் அக்காவைப் பிடித்துவிட்டார்கள். கூடப்பிறந்த அக்கா அல்ல, பலசரக்குக் கடைக்காரி. கடையில் வாய் மூடாது. சபையில் எழுந்து நின்றால் கால் உதறும்.

கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்க, அவருடைய மகள் மலிவாக டிக்கெட் பிடித்து எங்கள் இருவரையும் ஏதென்ஸுக்கு அனுப்பினாள். "அம்மா கண்ணாடிக்கு முன்னால கதைச்சுக் கதைச்சு எனக்கு விசர் பிடிக்குது அன்ரி. எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ."

அங்கே பழைய அகோராவுக்குப் போனோம். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் கூடிய இடம். சந்தையும் அங்கே, வழக்கும் அங்கே, ஊர்க்கதையும் அங்கே. இப்போது தூண்களின் அடிக்கட்டைகள், ஒலிவ் மரங்கள், புல்லுக்குள் அவசரமில்லாத ஓர் ஆமை. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

"அக்கா, இதில நிண்டுதான் சனம் வாய் கிழியக் கதைச்சிருக்கு!"

"ஓம், ஓம். அவையளின்ர ஹோலும் இடிஞ்சுதான் கிடக்கு."

அங்கேயே இருந்த மியூசியத்தில் ஒரு மண்பானை. அடியில் சின்னத் துளை. வழக்குப் பேசுகிறவருக்கு நேரம் அளக்கும் கடிகாரமாம். தண்ணீர் வடிந்து முடிந்தால் பேச்சும் முடிந்தது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீரே! இவங்களும் எங்கட கவுன்சில் மாதிரித்தான்!"

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து, அக்காவின் சால்வைப் பின்னைக் கழற்றி, தண்ணீர்ப் போத்தலின் அடியில் ஒரு துளை போட்டேன். "தொடங்குங்கோ!"

அக்கா ஒலிவ் நிழலில் நிமிர்ந்து நின்றார். ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் எங்கள் கூட்டங்களின் வழக்கம் அப்படியே வந்தது. மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு வணக்கம். கவுன்சிலர்மாருக்கு வணக்கம். வேலையையும் பாராமல் வந்திருக்கும் தாய்மாருக்கு, பெரியோருக்கு, கதவடியில் நிற்கும் காவலாளிக்கு... தண்ணீர் என் சப்பாத்தை நனைத்துக்கொண்டே ஓடி முடிந்தது.

"தண்ணி முடிஞ்சுது அக்கா. ஹோல் எண்ட சொல்லே இன்னும் வரேல்லை."

"வணக்கம் சொல்லாமல் எப்பிடியடி? மாடு மாதிரிப் போய் நிக்கிறதே?"

பக்கத்துக் கல்லில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி, பேச்சு முடிந்ததாக்கும் என்று கைதட்டினார்கள். அக்கா அவர்களுக்கும் ஒரு வணக்கம் வைத்தார். மூன்று போத்தல் தண்ணீர் அந்தப் பழைய மண்ணில் போனது. மூன்று தடவையும் அவர் காவலாளியைத் தாண்டவில்லை.

லண்டனில் கூட்டத்தன்று அக்காவுக்குப் பின்வரிசையில் நான் இருந்தேன். அக்கா எழுந்தார். கால் உதறியது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு மூச்சு எடுத்தார்.

"இந்த வருசம் எங்கட வீடுகளில செத்தவீடு நடத்த உடம்பே வரேல்லை," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "அந்த ஹோலிலதான் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள். அதைப் பூட்டினா நாங்கள் எங்க போறது?"

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, தலைவரிடம் கேட்டார்: "இன்னும் நேரம் இருக்கோ?"

ஒரு நிமிடம் இருக்கிறது என்றார் தலைவர்.

"அப்ப, மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு வணக்கம்..."

காவலாளிவரை போனார். அவன் வெட்கப்பட்டுத் தொப்பியைத் தொட்டான். சபை சிரித்தது, தலைவரும் சிரித்தார். ஹோலைத் திறந்தே வைப்பது என்று அன்றைக்கே முடிவானது.

வாசலில் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தீரே? வணக்கம்தான் வேலை செய்தது."