தேர்ப்பவனி அன்று ஊமையான கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஊமையானதற்கு அம்மாவின் நல்ல மனசுதான் காரணம்.

நான் பள்ளியில் படிக்கும்போது வாங்கிய பெட்டி அது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய் ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து முடித்தால் அதற்குக் கண் திறக்கும். புதிய அப்டேட் வந்திருக்கிறது, இப்போது போடவா, பிறகு போடவா என்று அது கொஞ்ச நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தது. நானும் பிறகு, பிறகு என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அதற்கு இருக்கிற வயதில் அப்டேட் தாங்காது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. திருவிழா நாள் காலையில் தூசி தட்டப் போனவள் அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டாள்.

"பாவம், எத்தினி நாளா கேட்டுகினு கீது! நீ ஒரு பதில் சொன்னியா? வாசல்ல வந்து நிக்கிறவனை இப்டி நிக்க வைப்பியா? நான்தான் சரின்னு அமுக்கிட்டேன்" என்றாள்.

நான் பல் தேய்த்த நுரை வாயோடு ஓடி வந்தபோது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். கெட்டுப்போன எதையாவது கழற்றி மாட்டுவது எனக்குக் காலை நாஸ்தா மாதிரி. ஆனால் அன்று அந்தப் பெட்டிக்குள் அப்பா இருந்தார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். சாயங்காலங்களில் எங்கள் மாதா கோயில் பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர். அந்தக் குழுவுக்கு மாஸ்டரும் அவர்தான். மாதா தேர் கிளம்பினால் முன்னால் அப்பாதான் ஊதிக்கொண்டு போவார். ஆனால் அத்தனை வருடமும் ஊதியது அடுத்தவர் மெட்டு. அந்த வருடம்தான் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டிருந்தார். போட்டதோடு நிற்காமல், அதே பவனிக்கு வரும் பெரம்பூர் பேண்டு மாஸ்டரிடம் டீக்கடையில் வைத்து, "இந்த வருசம் பாரு நைனா, புதுசா ஒண்ணு வருது. நீ உன் பீப்பிய பையில வெச்சிக்குவே" என்று சவடாலும் விட்டுவிட்டார்.

அவருக்கு ஸ்வரம் எழுதிவைக்க வராது. என்னுடைய பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'தர ரார தரரா' என்று முனகுவார், நான் பதிவு செய்வேன். முந்தின நாள் சாயங்காலம் திடீரென்று நடுப்பகுதியை முழுக்க மாற்றிவிட்டார். நிஜமாகவே நன்றாக இருந்தது. ஒரே குறை, மெட்டு உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் அடுப்படியிலிருந்து அம்மா, "யோவ், மீனு கருகுது, வந்து திருப்பு!" என்று கத்தியதும் சேர்ந்து பதிவாகியிருந்தது. அப்பா ஒரு நொடி நிறுத்தி, மறுபடி முனகியிருந்தார். இன்னொரு முறை பதிவு செய்யலாம் என்றேன்.

"வந்தது வந்ததுதான். திரும்பக் கூப்ட்டா வராது" என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் பேண்டு ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இதைக் கேட்டுப் பழகி, சாயங்காலம் தேர் முன்னால் ஊதவேண்டும். அதுதான் திட்டம்.

அப்டேட் முடிந்தது. திரையில் புதிதாக ஒரு மலை, ஏரி எல்லாம் வந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

அந்த நேரத்தில் பாய் மாமா மேலே வந்தார். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே அவருக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. பேண்டில் பெரிய டிரம் அவருடையது. கடையை மாமியிடம் விட்டுவிட்டு, புது நடுப்பகுதியை முதல் ஆளாகக் கேட்க வந்திருந்தார். நான் பதிவை ஓடவிட்டேன். திரையில் பச்சைக் கோடுகள் ஜோராக எகிறிக் குதித்தன. ஸ்பீக்கரில் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

"உள்ள பாடிகினுதான் கீது, வாயிலதான் இன்னாவோ அடைச்சிகினு கீது" என்றார் பாய் மாமா.

நான் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஹெட்போனை மாட்டினேன், அதிலும் இல்லை. அணைத்துப் போட்டேன். போட்டு அணைத்தேன். ஒலிக்கான டிரைவர் என்கிற சின்ன நிரலை அப்டேட் தூக்கி எறிந்திருப்பது தெரிந்தது. புதிதாகத் தேடினால், இவ்வளவு பழைய பெட்டிக்கு எங்களிடம் எதுவும் இல்லை என்று நாசூக்காகப் பதில் வந்தது. சரி, பதிவை என் செல்லுக்கு மாற்றிக் கேட்கலாம் என்றால், அந்தப் பழைய பதிவு மென்பொருள் தனக்கு மட்டுமே புரிகிற மாதிரி சேமித்து வைத்திருந்தது. செல், இது என்ன ஜாதி ஃபைல் என்று முழித்தது. அப்டேட்டுக்கு முந்தின நிலைக்குத் திரும்பு என்று ஆணையிட்டேன். வட்டம் நெடுநேரம் சுற்றிவிட்டு, திரும்ப முடியவில்லை, மன்னிக்கவும் என்றது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன். பச்சைக் கோடுகள் குதித்தன, அவ்வளவுதான்.

"நீங்களே பாடிக் காட்டுங்களேன்ப்பா. உங்க மெட்டுதானே" என்றேன்.

அப்பா தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்தார். பாய் மாமா கண்ணை மூடிக் கேட்டார்.

"இது போன மாசம் கல்யாணத்துல ஊதுனது, மாஸ்டர்."

அப்பா வேறு மாதிரி முயன்றார்.

"இது ஐஸ்வண்டிக்காரன் மணி."

மூன்றாவது முயற்சி நடுவிலேயே தேசிய கீதத்தின் பக்கம் சாய்ந்துவிட, பாய் மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது பேஜாரு" என்று அப்பா என்னைப் பார்த்தார். பத்து மாடி உயரக் கிரேன் மேல் விசில் அடித்துக்கொண்டு ஏறுகிற மனிதர். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

கல்மண்டபத்தில் இருக்கும் என் தோழியிடம் தனியாகச் செருகிக்கொள்ளும் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதற்குப் பழைய டிரைவர் தேவையில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஸ்கூட்டியில் பறந்தேன். அவள் வீட்டில் பூட்டு தொங்கியது. எல்லோரும் திருவிழாப் பூசைக்குப் போயிருந்தார்கள். வெறும் கையோடு திரும்பினேன்.

வீட்டில் அப்பாவும் பாய் மாமாவும் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் ஆசிரியர் நுழையும்போது உட்கார்ந்திருக்கிற நல்ல பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினேன்.

பீ...ப். பீ...ப். பீ...ப்.

திரை கருப்பாகவே இருந்தது. பாய் மாமா தொடையில் தட்டி, "தாளம் நல்லாத்தான் கீது" என்றார்.

செல்லில் தேடினேன். விடாமல் நீளமாகப் பீப் அடித்தால் ரேம் என்கிற நினைவுப் பட்டையைக் கவனி என்று போட்டிருந்தது. கழற்றலாம் என்று குனிந்தால், வருடக்கணக்காகத் துருவேறிக் கிடந்த பக்கவாட்டுத் திருகுகள் மாப்பிள்ளை மோதிரம் மாதிரி மின்னின. தகட்டைத் திறந்தேன். துறைமுக வாசனை குப்பென்று அடித்தது.

உள்ளே எங்கு பார்த்தாலும் கிரீஸ். விசிறியின் நடுவில் கிரீஸ். திருகுகளில் கிரீஸ். ரேம் பட்டையின் தங்கப் பற்கள் எல்லாவற்றிலும், கேக் மேல் கிரீம் தடவுகிற நேர்த்தியோடு, மஞ்சள் கிரீஸ்.

"அப்பா!"

"ஏம்மா, நாளைக்கு துரு புடிக்காம இர்க்கட்டுமேன்னுதான்."

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது புரியும். உப்புக்காற்று எங்கள் வீட்டில் தின்னாத இரும்பே கிடையாது. அப்பா கதவுக் கீல், தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, துணிக் கம்பி எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவுவார். எங்கள் வீட்டில் கொடியில் காய்ந்த சட்டை போட்டவன் முதுகில் ஒரு கோடு இருக்கும்.

"இது கதவு இல்லப்பா! மின்சாரம் போற இடம்!"

"மின்சாரமும் ஓடத்தானே செய்யுது? மக்கர் பண்ணா கிரீஸு. இம்மாம் பெரிய கிரேனே கம்முனு தூக்குது, இது இத்துனூண்டு பொட்டி."

"நான் அப்பவே சொன்னேன், கொஞ்சமா தடவுங்க மாஸ்டர்னு" என்றார் பாய் மாமா.

"நீதான்யா டப்பாவ புடிச்சிகினு நின்னே!"

"என் அருவாமனைக்கும் இப்டித்தான் தடவுனாரு. ஒரு வாரம் சாம்பாரு லாரி ஷெட் மாதிரி நாறிச்சு" என்று அடுப்படியிலிருந்து அம்மா.

பட்டையைப் பஞ்சால் துடைத்தேன். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தால் துடைத்தேன். கடைசியில் பென்சில் அழிக்கும் ரப்பரால் பல் பல்லாகத் தேய்த்தேன். பட்டை செருகும் பள்ளத்துக்குள் போயிருந்த கிரீஸை எடுக்க அம்மா ஒரு பல் பிரஷ் கொடுத்தாள். யாருடையது என்று நான் கேட்கவில்லை. அப்பா மறுநாள் காலையில் கேட்டார்.

மாட்டி அழுத்தினேன். ஒரே ஒரு சின்னப் பீப், பிறகு மலை, பிறகு ஏரி. பாய் மாமா கைதட்டினார். நான் பதிவைத் திறந்து, ஒலியை முழு அளவுக்குத் தள்ளி, முடிந்ததும் தானாகவே மறுபடி ஓடும்படி வைத்தேன். பச்சைக் கோடுகள் உச்சியில் போய் இடித்தன. அறையில் மின்விசிறி சத்தமும் தெருவின் லாரி இரைச்சலும் மட்டும்தான்.

மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். அப்பா மடியில் இருந்த ட்ரம்பெட்டை ஒருமுறை துடைத்தார்.

"போனா போவுதும்மா. பழைய பாட்டே ஊதிக்கிறோம். மாதா இன்னா கோச்சிக்கவா போறாங்க?" என்று சொல்லிவிட்டு அதை மெதுவாகப் பையில் போட ஆரம்பித்தார். பாய் மாமா பையின் வாயை விரித்துப் பிடித்தார். அந்தப் பெட்டியைத் தூக்கிக் கடலில் எறிந்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

மாடிப்படி அதிர்ந்தது. பாய் மாமாவின் மனைவி, எங்கள் மாமி, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

"அடியே, உங்கப்பன கொஞ்சம் நிறுத்தச் சொல்லுடி! காலைலேந்து என் கடையில பாடிகினே கீறாரு! கொஞ்ச நேரம் கம்முனு கீறாரேன்னு பாத்தா, இப்போ காது கிழியிது! கயிறு வாங்க வந்தவன் எத்தினி மொழம்னு சொல்லாம ஆடிகினு நிக்கிறான்!"

"நானா? நான் இங்கதானே குந்திகினு கீறேன்!" என்று அப்பா பதறி எழுந்தார்.

மாமி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ கீழ பாடுறது யாரு?"

எனக்குத் தலையில் மணி அடித்தது. பாய் மாமா கடைக்கு ஒயர் இல்லாத புளூடூத் ஸ்பீக்கர் வாங்கியபோது, அது எவ்வளவு தூரம் எட்டுகிறது பார்க்கலாம் என்று எங்கள் கம்ப்யூட்டரோடு நான்தான் இணைத்துப் பார்த்திருந்தேன். சொந்த ஸ்பீக்கருக்கு வழியை மறந்த கம்ப்யூட்டர், தெரிந்த ஒரே முகவரிக்கு அப்பாவை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையிலிருந்து நான் ஒவ்வொரு முறை ஓடவிட்டபோதும் கீழே தெருவே கேட்டிருக்கிறது; லாரி இரைச்சலில் மேலே இருந்த எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

நான்கு பேரும் தடதடவென்று இறங்கினோம். கடைக்குள் அப்பாவின் முனகல் கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்தது. எதிர் டீக்கடை பெஞ்சில் கிளாஸ் தட்டித் தாளம் போட்டார்கள். மணலிக்குப் போகிற டேங்கர் லாரி ஒன்று நெரிசலில் நிற்க, ஓட்டுநர் கதவைத் தட்டி மெட்டை அப்படியே விசிலடித்தார். மெட்டு உச்சிக்கு ஏறியது. ஸ்பீக்கரில் அம்மா கத்துவதற்கு முன்பே டீக்கடை முழுவதும் சேர்ந்து கத்தியது:

"யோவ், மீனு கருகுது, வந்து திருப்பு!"

அப்பா பையைப் பிரித்து ட்ரம்பெட்டை எடுத்தார். கடை வாசலில் நின்று, ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டே கூடவே ஊதினார். இரண்டாம் முறை ஊதும்போது ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. மதியம் வந்த பேண்டு ஆட்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்கும் முன்பே, தெருமுனையிலிருந்து நடந்து வந்த வழியில் பாதி மெட்டு அவர்களுக்குப் பாடமாகியிருந்தது.

சாயங்காலம் மாதா தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. மெழுகுவத்தி, மல்லிகை, கூட்டம். அப்பா கன்னம் உப்ப ஊதினார். நடுப்பகுதி வந்தது. மெட்டு ஏறி, ஏறி, அந்த ஒரு நொடி நின்றது. நேரே மாதா முன்னாலேயே தெரு மொத்தமும், கைக்குழந்தையோடு நின்றவர்கள் உட்பட, மீன் கருகுவதை அறிவித்தது. பாய் மாமா டிரம்மில் ஒரே அடி வைத்தார். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு மிச்சத்தைப் பிடித்தார். பின்னால் வந்த பெரம்பூர் மாஸ்டர் தன் ஆட்களிடம் திரும்பி, "நோட் பண்ணிக்கோங்கடா, நாமளும் இந்த மாதிரி இன்னாவாவது கத்தணும்" என்றது என் காதில் விழுந்தது.

அம்மா முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சத்தியமா நேத்து மீனு கருகவேயில்லைங்க. சும்மா, அந்தாள எழுப்புறதுக்கோசரம் சொன்னேன்."