தெரேஸ் அக்கா வாசித்துக் காட்டிய பிறகு

பாரிஸின் லா ஷப்பலில் முருங்கைக்காய் வாங்கப் போனபோது கடைக்காரர், "தெரேஸ் அக்கா மோசம் போயிட்டாவாம்" என்று சாவுச் செய்தி சொன்னார். "இனி ஆரட்டைப் போய்க் கதைக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். தராசில் ஒன்றும் இல்லை.

இந்த அஞ்சலியை வாசிக்கும், அக்காவை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. புதுச்சேரிக்காரர்; மார்க்ஸ் டோர்மோய் பக்கம் எங்கள் மனநல ஆலோசனை நிலையத்தின் சமூகப் பணியாளர். நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். எங்கள் செலவை ஏற்ற காப்புறுதி நிறுவனம், எந்தத் துக்கம் எத்தனை சந்திப்பில் தீரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தது. இந்த ஞானம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று அக்கா உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். தொலைபேசியில் கேட்டும் பார்த்தார். மறுமுனையில் இசை ஒலித்தது.

புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். மனைவி பிரிந்தபின் தூக்கம் போனவர். வார இறுதியில் மகளைத் தன்னோடு வைத்திருக்க வழக்கு நடத்தினார். அவருக்கான சந்திப்புகள் தீர்ந்தன, தூக்கம் திரும்பவில்லை. 'தற்கொலை அபாயம்' என்று எழுதினால் நிறுவனம் நீட்டிக்கும். அபாயம் இல்லை. "எல்லாரும் எழுதுறதுதானே" என்றார் மேலாளர், கருணையோடு. அந்தச் சொல் வழக்கில் போய் நின்றால் மகள் வரமாட்டாள்.

ஒருவரைப் பற்றி எழுதியதை அவரிடமே தமிழில் வாசித்துக் காட்டாமல் அக்கா அனுப்புவதில்லை. இம்முறை அபாயம் உண்டென்றும் இல்லையென்றும் இரண்டு விதமாக எழுதி வாசித்தார்.

"முதலாவதை அனுப்பினா இங்க வந்து பேச இன்னும் ராந்தேவு கிடைக்கும், அண்ணே. பொய் உங்க பேர்ல நிக்கும். ரெண்டாவதுன்னா இதோட நிறுத்திடுவாங்க."

"நான் சாகப் போறன் எண்டாத்தான் அவை கதைக்க விடுவினமோ?"

"ஆமா."

"அப்ப செத்தவையை நல்லாக் கவனிப்பினம் போலை."

இருவரும் சிரித்தார்கள். "நீங்கள் எதை அனுப்புவியள், அக்கா?"

"பொய்யை அனுப்ப மாட்டேன். உங்களை விடவும் மாட்டேன்."

உண்மையையே அனுப்பினார், ஒரு வரி சேர்த்து: 'இவர் குணமாகவில்லை, நிறுத்துவது நீங்கள்.' நிறுவனம் நிறுத்தியது. ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கத்து அரசு மனநல நிலையத்தில் இடம் கிடைக்கும்வரை, மேலாளரிடம் சொல்லிவிட்டே, தன் மதிய உணவு நேரத்தில் அவரைச் சந்தித்தார். அது சரிதானா என்று கேட்டேன். "தெரியலை. கம்பெனிக்கு இலவசமா வேலை பாக்குறேனோன்னும் தோணுது" என்றார்.

எனக்கும் இன்னும் தெரியவில்லை. வாசித்துக் காட்டும் வழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இந்த அஞ்சலியையும் வில்லியே லே பெல்காரருக்குத் தொலைபேசியில் வாசித்தேன். அனுமதி தந்தார், ஒரு திருத்தமும் சொன்னார்.

"நித்திரை இல்லையெண்டதோடை விட்டுடாதேங்கோ. இப்ப நல்லா நித்திரை கொள்ளுறன். சனிக்கிழமையிலை மகள்தான் எழுப்புறவள்."