எட்டாம் நம்பர், ஏழு தடவை

இருமுகிற பதிலியை எந்த மேஸ்திரியும் வேலைக்குக் கூப்பிட மாட்டார். நிரந்தர ஆள் வராத நாளில் அவருடைய இடத்தில் நிற்பவரைப் பதிலி என்போம். எங்கள் நூற்பாலையில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருந்தார்கள். தினமும் காலையில் கேட்டருகே நின்று மேஸ்திரியின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் நிரந்தரம். எண்பதுகளின் தொடக்கத்தில் வைண்டிங் பகுதியில் ஏழாவது மெஷின் என்னுடையது. சிறு கட்டைகளில் வரும் நூலைப் பெரிய கோனில் சுற்றுவோம். அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். அறுந்துகொண்டேதான் இருக்கும். பக்கத்து எட்டாவது மெஷின்காரி நோயில் படுத்துவிட்டதால், ஒரு வருடமாக அங்கே நின்றவள் ஒரு பதிலி. என் வயதுதான். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். பழங்காநத்தத்தில் ஒற்றை அறையில் இரண்டு பெண் பிள்ளைகளை அந்தக் கூலியில்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. இருமல் கிளம்பும்போது, "தண்ணி குடிச்சிட்டு வாரேன்டி, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். குழாய் வெளியே, குடோனுக்குப் பின்னால். அங்கே போய் இருமித் தீர்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் வருவாள். அதுவரை அவளுடைய நூலுக்கும் நானே முடிச்சுப் போடுவேன். ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆலையில் 'தர வட்டம்' வந்தது. நாங்கள் சர்க்கிள் என்போம். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நிரந்தர ஆட்கள் ஆறு பேர் சூப்பர்வைசரோடு உட்கார வேண்டும். வேலையில் எங்கே நேரம் வீணாகிறது, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று நாங்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். டீயும் வடையும் உண்டு. அதுவரை "ஏன் நூல் நிக்குது?" என்பதைத் தவிர வேறு எதையும் எங்களிடம் யாரும் கேட்டதில்லை. திடீரென்று "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால்? எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாவது படித்தவள் என்பதால் எழுதுகிற வேலையும் எனக்கே வந்தது.

நான் கண்டுபிடித்தது தண்ணீர். குழாய்க்குப் போக மட்டும் தொண்ணூறு அடி நடக்க வேண்டும். அதற்குள் நூல்கள் அறுந்து நிற்கும். பகுதியின் நடுவில் இரண்டு பானை வைத்தால் போதும் என்றேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர். சும்மா சொன்னால் மேலே எடுபடாது, யார் எத்தனை தடவை போகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துக் கொடு என்றார்.

"பேரு வேணாம்மா. மெஷின் நம்பர் போதும்."

பெயர் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் குறித்தேன். எல்லோருக்கும் ஷிப்டுக்கு இரண்டு, மூன்று என்று சப்பென்று இருந்தது. எட்டாம் நம்பருக்கு மட்டும் ஏழு. அதை எழுதும்போது என் கை கொஞ்சமாவது தயங்கியதா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தயங்கவில்லை. அந்த ஏழுதான் என் யோசனையைத் தூக்கி நிறுத்தியது. அதன் அடியில் சிவப்பு மையில் கோடுகூட இழுத்தேன்.

பானை வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவள் என்னிடம் வந்தாள்.

"இங்க பானை எதுக்குடி? நாலு எட்டு நடந்து குடிச்சா கொறஞ்சா போயிருவோம்?"

"நான் பேரு வாங்குறது ஒனக்குப் பிடிக்கலையா?"

அவள் திரும்பி அறுந்த நூலை எடுத்தாள்.

பானைகள் வந்தன. மானேஜர் வந்து கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். நான் எழுதிய தாள் மேஸ்திரியின் கைக்குப் போனது. வெளியே போக அவளுக்கு இனிமேல் சாக்கு இல்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைப்பது என் மெஷினிலிருந்தே தெரிந்தது. நான் என் நூலைப் பார்த்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மேஸ்திரி அந்தத் தாளோடு அவள் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, எட்டாம் நம்பரு நீதான? ஏழு தடவ போயிருக்க. இப்ப பானை பக்கத்துலயே இருக்கு, ஒரு தடவகூடப் போகக் காணோமே. அம்புட்டுத் தாகமும் எங்க போச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. மெஷினைப் பிடித்துக்கொண்டு குனிந்தவளால் நிமிரவே முடியவில்லை. பகுதி முழுக்க வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. மேஸ்திரி கோபப்படக்கூட இல்லை. "நெஞ்சு சரியாகட்டும்மா, சொல்லி அனுப்புறேன்" என்றார். அவர் சொல்லி அனுப்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை, நூல் நிற்பது குறைந்திருக்கிறது என்று சூப்பர்வைசர் என்னைப் பாராட்டினார். அடுத்து எதைச் சரிசெய்யலாம் என்று கேட்டார். தூசி என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. இன்னொருத்தி விளக்கு மங்கலாக எரிகிறது என்றாள். நான் அதை எழுதிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பசுமலைக்கு என் வீட்டைத் தேடி நடந்தே வந்தாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம். ரவிக்கை தோளில் தொங்கியது. மானேஜருக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்றாள். நான் தாளைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது அவளே பேசினாள்.

"அந்த ஏழு தடவையும் நீ எழுதுனதுதான்னு தெரியும்டி. அதான் ஒங்கிட்ட வந்தேன். நீ எழுதுனா அவுக நம்புறாக."

மன்னித்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. இருமலுக்கு நடுவே அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். உடம்பு பூரணமாகக் குணமாகிவிட்டது, எந்த மெஷினில் போட்டாலும் நிற்பேன், இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறேன் என்றெல்லாம். மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதை மட்டும் அவர்கள் நம்பவில்லை.