அது நடவுப் பாட்டு அல்ல

காலியான பிளாஸ்டிக் கேனைக் கவிழ்த்து வைத்து உள்ளங்கையால் அடித்தால் ஒரு சத்தம், விரல்நுனியால் தட்டினால் வேறொரு சத்தம். அக்கா அந்த இரண்டையும் முதன்முதலாகக் கலந்தபோது நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எண்ணெய் வந்து தீர்ந்த நீல நிறக் கேன் அது. பள்ளியில் எனக்கு மேல் வகுப்பில் படித்த அவளிடம் வேதியியல் பாடம் கேட்க அன்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தில்லியில் ரயில் பாதைக்கும் சாக்கடைக் கால்வாய்க்கும் நடுவில் இருந்த தமிழர் குடியிருப்பு. தண்ணீர் லாரி வந்து நின்றதும் ஆளாளுக்கு அதன் மேல் ஏறி, மூடியைத் திறந்து, தங்கள் குழாயை உள்ளே விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சித் தண்ணீரை இறக்கினார்கள். கொத்தனார் ஒருவருக்கும் இட்லி விற்கும் அம்மாள் ஒருவருக்கும் சண்டை மூண்டது. "ஊருல இருக்கற கேனையெல்லாம் நீயே கொண்டாந்தா நாங்க என்னத்தக் குடிக்கறது?" என்று அந்த அம்மாள் கேட்க, அவர் பதிலுக்குக் கத்த, அக்கா தன் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தாளம் தட்ட ஆரம்பித்தாள். "ரெண்டு பேரும் தாளத்துலதான் கத்துறீங்க. பாட்டாவே கத்துங்களேன்" என்றாள்.

வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவளுக்கு யோசனை பிறந்துவிட்டது என்பதை அவள் முகத்திலேயே பார்த்தேன். "யாரு பைப்புல தண்ணி எறங்குதோ அவங்க ஒரு வரி போடணும். வரி இல்லாதவங்க பைப்ப எடு, ஜல்தி." விளையாட்டாகச் சொன்ன அந்த விதிதான் பிறகு அவள் பாட்டுக் கட்டும் முறையாகவே ஆனது. அவள் ஒரு வரி எடுத்துக் கொடுப்பாள். யாருடைய கேன் நிறைகிறதோ அவர் அடுத்த வரியைப் போடுவார். நன்றாக இருந்தால் வரிசை அதைத் திருப்பிப் பாடும், அதன்பின் அது பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். போட்டவர் யார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவரைக் கேட்காமல் அந்த வரியை மாற்றக் கூடாது, வேறிடத்தில் பாடக் கூடாது. அக்காவுக்கும் இதில் விலக்கு கிடையாது.

அவள் போட்ட வரி இது: "தண்ணி லாரி பிந்தி வரும், ஓட்டு லாரி முந்தி வரும்." கட்டிட வாசலில் நிற்கும் காவலாளியை நினைத்துக் கொத்தனார் போட்டது: "பத்து மாடி கட்டிவச்சேன், கார்டு பையா விடமாட்டான்." இட்லிக்கார அம்மாள் யோசித்து யோசித்துக் கடைசியில் கொத்தனாரையே திட்டி ஒரு வரி போட்டார், அதையும் கொத்தனாரே எல்லோரையும்விட உரக்கப் பாடினார். நான் மோதி பாக் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாளில் அப்பா ஒரு போன் செய்வார், சாயங்காலம் வந்துவிடும். நானும் ஒரு வரி போடட்டுமா என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டேன். "உனக்கு எதுக்குடி? உன் வூட்ல குழாய் இருக்குல்ல. நீ கேளு, அது போதும்" என்றாள். அப்போது கோபம் வந்தது. அவள் சொன்னதில் தவறேதும் இல்லை என்று இன்று தெரிகிறது.

படிப்பு முடிந்து அக்கா கரோல் பாக்கில் கைபேசி உறை விற்கும் கடையில் நின்றாள். நான் நொய்டாவில் ஒரு நிறுவனத்தில் ஒலித்தொகுப்பு வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லாரிக்கு அவளோடு நிற்பதை மட்டும் நான் விடவில்லை. எங்கள் தலைமுறையில் தமிழ்ப் பாட்டு என்றால் கைபேசியில் கேட்பது, அதுவும் வரிகளை ரோமன் எழுத்தில் போட்டால்தான் என் நண்பர்கள் பலருக்கு வாசிக்க வரும். இங்கேயோ, என் கண்முன்னே, தில்லியின் தண்ணீரும் தில்லியின் வசவும் சேர்ந்து ஒரு தமிழ்ப் பாட்டு வாராவாரம் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாட்டில் ஆறு இல்லை, அறுவடை இல்லை, ஊர்த் திருவிழா இல்லை. அதனால்தான் நான் அதில் அப்படிக் கிறங்கிப்போனேன்.

அக்காவின் அம்மா ஒரு ஞாயிறன்று தாமதமாக வந்தார். வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பிய கையில் இன்னும் சோப்பு வாசனை. அதிகம் பேசாதவர். அவர் குழாயில் தண்ணீர் இறங்கியபோது அவரிடம் யாரும் வரி எதிர்பார்க்கவில்லை. கேன் பாதி நிறைந்ததும் அவராகவே, யாரையும் பாராமல், மெல்லப் பாடினார்:

"அஞ்சு ரூமு வூட்டுக்குள்ள அருவி போலக் கொட்டுதம்மா,
அதுல கழுவி முடிச்ச கையி இங்க வந்து காயுதம்மா."

வரிசை அதைத் திருப்பிப் பாட மறந்து நின்றது. அக்காதான் கேனைத் தட்டி எல்லோரையும் நினைவுக்குக் கொண்டுவந்தாள். அன்று அவள் தட்டிய தாளம் தடுமாறியது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிக் கேட்டதில்லை.

அந்த வருடம்தான் குடியிருப்புச் சுவர்களில் சிவப்பு மையில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். இடிக்கப்போகிற வீடுகளுக்கு அப்படித்தான் அடையாளம் வைப்பார்கள். அக்கா உடனே ஒரு வரி போட்டாள்: "செவப்பு நம்பர் போட்டுப் போனான், செவுத்தக் கேட்டா போட்டுப் போனான்?" அதே சமயத்தில், எங்கள் பக்கத்துத் தமிழர் அமைப்பு ஒன்றின் செயலாளர் ஆண்டுவிழாவில் பாட அவளைக் கூப்பிட்டுவிட்டார். யாரோ எடுத்த காணொளி அவர் கைபேசிக்குப் போயிருக்கிறது. விழாவுக்கு ஓர் உயர் அதிகாரி தலைமை தாங்குகிறார் என்றதும் குடியிருப்பில் பேச்சு வேறு மாதிரி ஆனது. நாலு வரி அவர் காதில் விழுந்தால் மழைக்காலம் முடியும்வரையாவது வீடுகளை விட்டுவைக்க மாட்டாரா என்ற நப்பாசை எல்லோருக்கும். கொத்தனார் தன் வரியை அங்கே பாட வாய் நிறைய அனுமதி கொடுத்தார். "நல்லா உச்சத்துல பாடு. ஏசி ரூமுக்குள்ள போய்ச் சேரணும்."

ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். செயலாளர் நல்ல மனிதராகவே பேசினார். அதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை.

"அருமையான குரல்மா. மண் வாசனை அடிக்குது. ஆனா இந்த லாரி, ஓட்டு, இதெல்லாம் எதுக்கு? ஒரு நடவுப் பாட்டு பாடேன்."

"நான் நாத்தையே பாத்ததில்ல சார். பொறந்தது இங்க சர்க்கார் ஆஸ்பத்திரில."

"ஊர்ல சொந்தக்காரங்க இருப்பாங்கல்ல? அவங்களக் கேட்டுப் பாரு."

"இருக்காங்க சார். எல்லாரும் பெங்களூர்ல பில்டிங் வேலைல இருக்காங்க."

அவர் சிரித்தார். பேரம் தொடங்கியது. ஓட்டு வரியை எடுத்துவிட வேண்டும். அக்கா ஒத்துக்கொண்டாள், அது அவள் வரி. கொத்தனார் வரி நகைச்சுவையாக இருப்பதால் இருக்கலாம். சிவப்பு எண் வரியைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை நான் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை: "வீட்டுக்கு நம்பர் வர்றது வளர்ச்சிதானேம்மா. அது இருக்கட்டும்." அடுத்து அஞ்சு ரூம் வரி. அதற்கு மட்டும் அவர் முகம் சுருங்கியது. வந்திருப்பவர்கள் மனம் புண்படும் என்றார். அறைகள் ஐந்து உள்ள வீடு அவருடையது. அக்காவின் அம்மா பாத்திரம் தேய்க்கும் வீடும் அதுதான். இந்தப் பெண் அந்த அம்மாவின் மகள் என்பது செயலாளருக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

"இது எங்க அம்மா போட்டது சார். அவங்களக் கேட்டுத்தான் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா கேனைத் தூக்கிக்கொண்டாள்.

அம்மா ஒரே சொல்லில் மறுத்தார். "வேணாம்டி. நாளைக்கு அந்த வூட்டுப் படிதான் நான் ஏறணும்." எனக்குத் தலை கொதித்தது. விழாவையே விட்டுவிடு, இல்லாவிட்டால் மேடை ஏறி அதையும் சேர்த்துப் பாடிவிடு என்று குதித்தேன். அக்கா என்னை அடக்கினாள். "போட்டவங்க வேணாம்னா வேணாம். ரூல் உனக்குப் புடிச்சப்ப மட்டும் ரூலா? ஆனா அந்த எடத்துல வேற எதையும் வைக்க மாட்டேன். காலியா விடுவேன்."

விழாவன்று அவளுக்குக் கண்டாங்கிச் சேலை கட்டிவிட்டார்கள், இடுப்பில் பித்தளைக் குடம் ஒன்றைக் கொடுத்தார்கள். நீலக் கேனைத் திரைக்குப் பின்னால் வைத்துவிடச் சொன்னார்கள். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேனை மேடைக்குக் கொண்டுவந்தாள். பாடினாள். கொத்தனார் வரிக்கு அரங்கம் சிரித்தது. சிவப்பு எண் வரிக்கு அதிகாரி கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அடுத்து அந்த இடம் வந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டாள். கேனை மட்டும், இரண்டு வரி நீளத்துக்கு, விரல்நுனியால் தட்டிக்கொண்டே இருந்தாள். வரி மறந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசையில் யாரோ உற்சாகப்படுத்தக் கைதட்டினார்கள்.

அப்போது பின்னாலிருந்து அந்த வரி வந்தது. செயலாளர் வீட்டுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அழைத்துவரப்பட்டிருந்த அம்மா, கதவோரத்தில் நின்றபடி பாடினார். ஒலிபெருக்கி இல்லை. குரல் உயரவும் இல்லை. அருவி போலக் கொட்டும் வீட்டையும் இங்கே வந்து காயும் கையையும் அந்த அரங்கத்தின் முன் அப்படியே வைத்தார். அவர் வரி, அவர் பாடினார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அதிகாரி தலை நிமிர்ந்து யார் அது என்று இந்தியில் கேட்டார். செயலாளர் புன்னகையோடு குனிந்து, "நிகழ்ச்சியில ஒரு பகுதி சார்" என்றார்.

மறுநாள் காலை அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "வீட்டுல ஒருத்தி மாதிரிதான வச்சிருந்தோம்" என்று செயலாளரின் மனைவி வருத்தப்பட்டாராம். வீட்டில் ஒருத்திக்குத் தனித் தம்ளர் எதற்கு என்று நான் கேட்க வேண்டும். அந்த மாதச் செய்திமடலில் விழாவைப் பற்றிப் பத்தி ஒன்று வந்தது: நம் மண்ணின் நடவுப் பாட்டு அவையோரைக் கிராமத்து வயலுக்கே அழைத்துச் சென்றது என்று. பக்கத்தில் குடத்தோடு அக்காவின் படம், மேடை ஏறுமுன் எடுத்தது. அவர்கள் பாட்டைக் காதில் வாங்கவே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கேட்க விரும்பாததைத் தடுத்தால் அது தணிக்கை, அதையாவது புரிந்துகொள்ளலாம். அருகில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இல்லாத வயலைக் கேட்டதாக எழுதுவதற்கு என்ன பெயர்? திருத்தம் கேட்டு எழுதினேன், போனிலும் பிடித்தேன். "நாட்டுப்புறப் பாட்டுன்னா அப்படித்தானம்மா போடுவோம்" என்றார்கள்.

மழைக்காலம் முடியவில்லை, அதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. அக்கா கடையில் இருந்தாள். அம்மா அடுப்பையும் துணி மூட்டையையும் கேனையும் இழுத்து வெளியே போட்டார். சுவர் சரிந்ததில் கேனின் அடிப்பக்கம் விரிசல் விட்டது. வீட்டுத் தாள்கள் சரியாக இருந்த சிலருக்கு நகரத்தின் வடகோடியில் இடம் கொடுத்தார்கள். கொத்தனாருக்கும் இட்லிக்கார அம்மாளுக்கும் அடுத்தடுத்த மனை கிடைத்திருக்கிறது, சண்டைக்குக் குறையில்லையாம். அக்காவும் அம்மாவும் உறவினர் வீட்டில் ஒரு அறையில் ஒண்டியிருக்கிறார்கள். அங்கே குழாய் இருக்கிறது, தண்ணீர் வருகிறது. அதனால் அக்கா இந்த மாதங்களில் ஒரு வரிகூடப் போடவில்லை. தனக்கு இப்போது பாத்தியம் இல்லை என்கிறாள். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன.

போன வாரம் வடகோடியிலிருந்து கொத்தனார் போன் செய்தார். அங்கேயும் லாரிதான். வரிசையில் பீகார்க்காரர்கள், வங்காளிகள் எல்லாம் நிற்கிறார்களாம், தினமும் அடிதடி. "உன் பொண்ண அனுப்பி வைம்மா, இங்க ஒருத்தனுக்கும் ஒழுங்கா சண்ட போடத் தெரியல" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். எடுத்துக் கொடுப்பதற்குப் பாத்தியம் தேவையில்லை, பதில் வரிக்குத்தான் தேவை என்று அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "அவங்க இந்தில போட்டா?" என்றேன். "இந்திலயே வாங்கிக்கறது. தண்ணி என்ன பாஷை பாத்தா எறங்குது?"

கேன் இப்போது என் அறையில் இருக்கிறது. இதில் இனித் தண்ணீர் பிடிக்க முடியாது. உள்ளங்கையால் அடித்தால் பழைய சத்தத்தோடு அந்த விரிசலும் சேர்ந்து அதிர்கிறது, ஒலித்தொகுப்பு செய்கிற காதுக்கு அது பிசிறு. நான் அதைச் சரிசெய்யப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை முதல் மெட்ரோவில் அக்கா, அம்மா, நான் மூன்று பேரும் அந்த வடகோடிக்குக் கிளம்புகிறோம். கேன் என் பொறுப்பு. பாதுகாப்புச் சோதனையில் காலிக் கேன் எதற்கு என்று கேட்பார்கள். பாட்டு என்று சொல்லிப் பார்ப்பேன். விடவில்லை என்றால் பேருந்தில் போவோம்.