மழை கேட்ட மூன்றாம் நாள்

ஆண்டவனைக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் வாசலில் கேள்வி இல்லாமல் ஒரு பொழுதும் சாய்ந்ததில்லை. என் வீட்டுக்காரர் ஐந்து வேளையும் தொழுகிறவர். எதிர்வீட்டுத் தறிக்காரரோ, கடவுள் இல்லை என்று பேசும் கூட்டம் வேலூரில் நடந்தாலும் திருப்பத்தூரில் நடந்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறவர். சாயங்காலமானால் இருவரும் எங்கள் வாசலில் கிடக்கும், தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டைக் கட்டுகள் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் போய் முட்டும்: மேலே இருக்கிறவர் ஏன் இப்படிச் செய்தார்?

தறிக்காரருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெருவுக்கே தெரியும். தலைப்பிரசவத்தில் மனைவியும் போனாள், குழந்தையும் போனது. அதற்கு முன்னால் அவர் வேண்டிக்கொள்ளாத அம்மன் இல்லை. ஒருநாள் நான் திரைக்குப் பின்னால் இருந்தபடியே வாயைக் கொடுத்தேன்.

"ஏண்ணே, இல்லாதவர்கிட்ட எதுக்கு இவ்ளோ சண்டை?"

"இருக்காருன்னு நெனச்சப்போ கேக்கணும்னு வச்சிருந்தது தங்கச்சி. இப்போ அதை எங்க போய்க் கொட்டுறது?" என்றார். அதற்கப்புறம் அந்த விஷயத்தில் நான் அவரைக் கேலி செய்யவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்துப் போனது. பாலாற்று மணலில் ஆள் உயரத்துக்கு ஊற்றுத் தோண்டினாலும் குடத்தின் அடி நனையாது. அதே வருஷம்தான், ஒரு பெரிய முதலாளியிடம் மேஸ்திரியாக இருந்த என் வீட்டுக்காரர், துணிந்து எங்கள் கொல்லையிலேயே குழி வெட்டிச் சொந்தமாகத் தோல் பதனிடத் தொடங்கினார். கொல்லையில் கயிறுகளில் காய்ந்துகொண்டிருந்தது அவருடைய முதல் சரக்கு. காயும் தோலில் மழைப்புள்ளி விழுந்தால் எந்த வியாபாரியும் தொட மாட்டான். அது போனால் மறுபடியும் முதலாளி முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

எங்கள் பள்ளிவாசல் ஆண்கள் எல்லாரும் மூன்று நாள் ஆற்றுமணலில் மழைத்தொழுகைக்குப் போவது என்று முடிவானது. மேல்துண்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, எங்கள் நிலைமையையும் இப்படி மாற்று என்று கேட்பது வழக்கம். ஆடு மாடுகளையும் ஓட்டிப் போவார்கள். மூன்றாம் நாள் காலையில் கிழக்கே லேசாகக் கறுத்திருந்தது. என் வீட்டுக்காரர் கொல்லைக்குப் போய்த் தோலைத் தடவிப் பார்த்தார். "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்றார்.

"ஆத்துல போய் மழை கேக்குறீங்க, கொல்லைல வந்து வெயில் கேக்குறீங்க. எதைத்தான் குடுப்பாரு? அல்லாவுக்கே பேஜார் ஆயிடும்" என்றேன்.

"கொல்லைல பார்க்கத்தான் செய்றேன். கேக்கறது ஆத்துல மட்டும்தான். ஊருக்காகக் கேக்குறப்போ நம்ம தோலை நடுவுல வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி ஒரு மனிதருக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை அடுப்பில் உலை கொதிக்கும்வரைகூட நிற்கவில்லை. காற்று திரும்பியது. மண் வாசனை வந்தது. தெருவில் ஓர் ஆண்பிள்ளை கிடையாது. எங்கள் ஆட்கள் ஆற்றில். கூலியாட்கள் மழைக்காக அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் போயிருந்தார்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு இந்த நேரத்திலா மழையை அனுப்புவாய் என்று வானத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். கேட்டுக்கொண்டே ஓடினேன். கலியாணமாகி வந்ததிலிருந்து முக்காடு இல்லாமல் வாசல் தாண்டாதவள், முக்காடு எப்போது நழுவியது என்றுகூடத் தெரியாமல் கயிற்றிலிருந்து தோலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு ஒற்றை அறை. பாதித் தோலிலேயே நிறைந்துவிட்டது. அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தொழவும் போகாமல், கூழுக்கும் போகாமல் தெருவில் மிஞ்சியிருந்த ஒரே ஆண் அவர்தான்.

"இங்க கொண்டா தங்கச்சி!"

"குவிச்சு வச்சா பூஞ்சணம் புடிச்சிடும்ணே. விரிச்சுப் போடணும்."

அவர் திரும்பித் தன் தறியைப் பார்த்தார். குடியாத்தத்திலிருந்து நூல் வாங்கி வந்து, லுங்கிக்குப் புதிதாகத் தறி நெடுக அதை இழுத்துப் பாவு நீட்டியிருந்தார். வீட்டில் வேறு இடமே இல்லை.

"தறி மேலயே போடு" என்றார்.

எண்ணெயும் பட்டைச்சாறும் ஊறிய தோலை அந்தப் பாவின் மேல் நானே விரித்தேன். அவரும் கடைசித் தோல்வரை தூக்கி வந்து போட்டார். வெளியே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஊற்றியது.

ஆற்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடிவந்தபோது தோளில் அந்தத் துண்டு திருப்பிப் போட்டபடியே நனைந்து ஒட்டியிருந்தது. கூட வந்த ஆண்கள் என் தலையைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அவர் மட்டும் குனியவில்லை. தோலை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு கீழே கறைபட்டுக் கிடந்த பாவைத் தடவினார். அதிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை அவருக்கு.

இரண்டொரு தோலில் புள்ளி விழுந்தது. மற்றதெல்லாம் விலைபோனது. அதற்கப்புறம் அவர் யார் முன்னாலும் கைகட்டி நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியவர்கள் சிலர் வந்து, "வீட்டுப் பொம்பளை முக்காடு இல்லாம வெளிய வரலாமா?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார்: "ஆம்பளைங்களை எல்லாம் ஆத்துல நிக்க வச்சிட்டு எதுக்கு மழை அனுப்பினாருன்னு மேல இருக்கறவர்கிட்டயே கேளுங்க. நான் கேட்டுக்கினுதான் இருக்கேன். அவ செஞ்சதுல எனக்குக் கேள்வியே இல்ல." திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு அன்று பெருமையில் தலை கூரையில் இடித்தது.

பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள். "எப்படியோ, ஆண்டவன் அந்தத் தறிக்காரனை அனுப்பினான்" என்றார்கள். தெரு முழுக்க அதே பேச்சு. தறிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை அனுப்புனதா சொல்றாங்களே பாய், என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? பாவு என்னுது. போடுன்னு சொன்னதும் நான்." அவர் சொன்னது நியாயம்தான். மழை கேட்காத ஒருவருடைய பாவா அதற்காகப் பாழாக வேண்டும்? இதையும் நான் தொழுகைப்பாயில் உட்கார்ந்து கேட்டேன். இன்றுவரை பதில் வரவில்லை.

சரக்கு விற்ற மறுநாள் என் வீட்டுக்காரர் குடியாத்தம் போய், அதே ரகத்தில் நூல் வாங்கிச் சுமந்து வந்து எதிர்வீட்டில் இறக்கினார். தறிக்காரர் நூலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இன்னா பாய், உன்னையும் அவர்தான் அனுப்பினாரா?"

பிஸ்மில்லா சொல்லாமல் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத மனிதர் என் வீட்டுக்காரர். என்ன சொல்லப் போகிறாரோ என்று திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரும் அனுப்பல தோஸ்த்" என்றார். "நானாத்தான் வந்தேன்."